எந்த மெ.சித.?

என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டீங்களே, எதுக்குக் கேட்டீங்க? இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க சார். பஸ்சுல பக்கத்துல உக்காந்தவங்க கேக்குறதுதான். ஆனா திருச்சியில பஸ் கெளம்பும்போது பாதி சீட்டு காலியா இருந்துச்சு. நீங்க நேரா வந்து என் பக்கத்துல உக்காந்தீங்க. கீரனூர் தாண்டுறதுக்குள்ள ஊரு கேட்டீங்க, பேரு கேட்டீங்க, இப்ப வேலை. காத்துக்காகத்தான் இந்தப் பக்கம் உக்காந்தேங்கறீங்க. சரி, இருக்கட்டும்.

சொல்றேன். சொல்றதால எனக்கு ஒண்ணும் நட்டமில்ல. கம்பெனி பேரை மட்டும் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி பேரும் சொல்ல மாட்டேன்.

பேரு சாத்தப்பன்னு சொன்னேன்ல. சென்னையில சாஃப்ட்வேர் வேலை. எல்லாரும் சாஃப்ட்வேர்தான், ஆனா நான் ஒரு லைப்ரரி எழுதினவன். லைப்ரரின்னா புஸ்தகம் இல்ல. ஒருத்தன் ஒரு காரியத்துக்குப் புரோகிராம் எழுதி வச்சிருவான், மத்தவங்க எல்லாம் அதை எடுத்து உபயோகிச்சுக்குவாங்க. கம்பெனியில பாதிப் பேருக்கு அதை எழுதினது நான்னே தெரியாது. தெரியாதுங்கறாங்க. தெரியாத மாதிரி இருக்காங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதை விடுங்க.

ஆஸ்பத்திரியில ஒருத்தர் படுக்குறாரு. இன்சூரன்ஸ் இருக்கு. உடனே ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் இன்சூரன்ஸ் கம்பெனி கம்ப்யூட்டருக்கு ஒரு கடுதாசி அனுப்பும். இந்த ஆளு, இந்த வியாதி, இவ்வளவு செலவாகும், தருவீங்களான்னு. அந்தக் கடுதாசியை எக்ஸ்எம்எல்னு ஒரு முறையில எழுதுவாங்க. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பேரு ஒட்டி வச்சிருக்கும். நேம், டேட், அட்ரஸ் இப்படி. அதைப் பிரிச்சு எது எதுன்னு எடுத்துக் குடுக்குறது என் லைப்ரரி. பத்து வருஷத்துக்கு மேல ஓடுது. ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. அவ வர்ற வரைக்கும்.

யாருன்னு கேக்க மாட்டேங்கறீங்களே. சரி, நானே சொல்றேன். அதுக்கு முன்னால இன்னொண்ணு சொல்லணும், இல்லேன்னா கதை பிடிபடாது.

ஒரே கடுதாசியில ரெண்டு 'நேம்' வரும் சார். ஆஸ்பத்திரிக்காரன் நேம்னு சொன்னா, படுத்திருக்குற ஆளு. இன்சூரன்ஸ்காரன் நேம்னு சொன்னா, பாலிசி எடுத்த ஆளு. ரெண்டும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்லையே. புருஷன் பாலிசி எடுத்திருப்பான், பொண்டாட்டி படுத்திருப்பா. அதனால குழப்பம் வராம இருக்க, பேருக்கு முன்னால ஒரு இனிஷியல் போடுவாங்க. ப்ரிஃபிக்ஸ்னு சொல்லுவோம். என்எஸ்-ஒண்ணுன்னு போட்டிருந்தா ஆஸ்பத்திரியோட நேம். என்எஸ்-ரெண்டுன்னு போட்டிருந்தா இன்சூரன்ஸோட நேம். இந்த இனிஷியல் இன்னாருக்குச் சொந்தம்னு கடுதாசி தலைப்புல நீளமா ஒரு இணைய முகவரி எழுதியிருக்கும். நேம்ஸ்பேஸ்னு அதுக்குப் பேரு. அதை யாரு படிச்சுக்கிட்டு இருக்குறது? அம்புட்டு நீளம். என் லைப்ரரி அதைத் தாண்டிப் போயிரும். ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி, ரெண்டுன்னா இன்சூரன்ஸ். முடிஞ்சுது வேலை.

இதுல என்ன தப்பு, சொல்லுங்க. நாங்க நகரத்தார். எங்க பக்கம் பேருக்கு முன்னால இருக்குற எழுத்தைச் சொன்னா வீடு தெரிஞ்சு போகும். நான் அரு.வீர.சாத்தப்பன். பள்ளத்தூர்ல போயி அரு.வீர. வீடு எதுன்னு கேளுங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுவாங்க. அடுத்த வீடு மெ.சித. வீடு. அதுவும் ஊருக்கே தெரியும், ஏன்னா அவங்களுக்கும் எங்களுக்கும் எங்க அப்பா காலத்துல இருந்து கேஸ் நடக்குது. நடுவுல ஒரு சுவரு. அது யாரோடதுன்னு கேஸ். சுவரு மழையில விழுந்தே போச்சு, கேஸ் மட்டும் நிக்குது.

இப்ப சொல்றேன் கேளுங்க. போன வருஷம் ஆடி மாசம் எங்க டீமுக்கு கான்ட்ராக்ட்ல ஒரு பொண்ணு வந்தா. பொண்ணுன்னா முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கல்யாணமாகி ஒரு பிள்ளை இருக்கு. பேரு மெ.சித.அழகம்மை.

இத்தனை கம்பெனி இருக்கு சென்னையில. இத்தனை டீம் இருக்கு எங்க கம்பெனியில. மெ.சித. வீட்டுல இருந்து ஒருத்தி நேரா வந்து என் பக்கத்து மேஜையில உக்காருறா. தற்செயலா? நீங்களே சொல்லுங்க.

வந்த அன்னைக்கே வந்து நின்னு, அண்ணே, உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன்னா. ஆபீசுல எல்லாரும் என்னை சாத்தப்பன்னு பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. சின்னப் பசங்க கூட. இவ மட்டும் அண்ணே. நான் பிடி குடுக்கல. வேலையைப் பாருங்கன்னு சொல்லிட்டேன்.

அப்பறம் ஒவ்வொண்ணாக் கேக்க ஆரம்பிச்சா. பள்ளத்தூர் வீடு இப்ப யாரு பாத்துக்குறாங்க, முகப்புல அந்தப் பெரிய கண்ணாடி இன்னும் இருக்கா, கடல் தாண்டி ஈப்போவுக்குப் போனவங்க பத்தி வீட்டுல பேசிக்குவாங்களா. எங்க வீட்டுக் கண்ணாடி அவளுக்கு எப்படி சார் தெரியும்? உளவு. கேஸுக்காக வீட்டை அளக்குறாங்கன்னு நினைச்சேன். ஒரு நாள், நான் பொறந்தது வேலங்குடிக் கோயில்ண்ணேன்னு ஆரம்பிச்சா. நாங்களும் வேலங்குடிக் கோயில்தான். எங்க ஆளுங்களுக்கு ஒம்பது கோயில், ஒவ்வொரு வீடும் ஒரு கோயிலைச் சேர்ந்தது. பொண்ணுங்க கட்டிக்கிட்டா புருஷன் கோயிலுக்குப் போயிருவாங்க. அவ என்ன சொல்ல வந்தாளோ, நான் முடிக்க விடல. மீட்டிங் இருக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். மீட்டிங் ஒண்ணும் இல்ல.

வேலைக்கு வருவோம். ரெண்டாவது வாரம் என் லைப்ரரியைப் படிச்சிட்டு வந்தா. இனிஷியலை மட்டும் பாக்குறது தப்புன்னா. அது அந்தக் கடுதாசிக்கு மட்டும் வச்சுக்குற கூப்பிடு பேரு, அனுப்புறவங்க நாளைக்கே மாத்தி வைக்கலாம், ஒண்ணை ரெண்டுன்னும் ரெண்டை ஒண்ணுன்னும் போடலாம், அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு, நாமதான் தலைப்புல உள்ள முகவரியைப் பாத்து யாரோடதுன்னு தெரிஞ்சுக்கணும்னா. நல்ல பதவிசாத்தான் சொன்னா. பதவிசாச் சொல்றவங்ககிட்டதான் கவனமா இருக்கணும்.

நான் கேட்டேன், பத்து வருஷமா யாரும் மாத்தலையே, இப்ப யாரு மாத்தப் போறாங்கன்னு. யாராவது ஒரு நாள் மாத்துவாங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் அன்னைக்கே தேதி போட்டு மேனேஜர் ஜெபராஜுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். இந்தம்மா இப்படிச் சொல்லியிருக்காங்க, பின்னால ஏதாவது நடந்தா ஞாபகம் வச்சுக்கோங்கன்னு. அவரு ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்பினாரு.

நடந்துச்சு சார். மூணு மாசத்துல நடந்துச்சு.

மதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. புதுசா சாஃப்ட்வேர் மாத்தியிருக்கான். அந்தப் புதுசு இன்சூரன்ஸுக்கு ஒண்ணுன்னும் ஆஸ்பத்திரிக்கு ரெண்டுன்னும் இனிஷியல் போட்டு அனுப்பியிருக்கு. என் லைப்ரரி வழக்கம்போல எடுத்துச்சு. ஒரு பொண்ணு பிரசவத்துக்குப் படுத்திருக்கா. பாலிசி புருஷன் பேருல. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு என்ன போச்சுன்னா, புருஷன் பேரு, நாப்பது வயசு, ஆண், சிசேரியன். சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கிறீங்க, இன்சூரன்ஸ்காரன் சிரிக்கல. மோசடின்னு நினைச்சு நிறுத்தி வச்சிட்டான். அது ஒண்ணு மட்டும் இல்ல, அந்த ஆஸ்பத்திரியில இருந்து வந்தது அத்தனையும் மாறிப் போச்சு. அந்தப் பொண்ணு பச்சப் பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு, டிஸ்சார்ஜ் ஆக முடியாம வராண்டாவுல கெடந்திருக்கா.

எனக்கு மட்டும் பாவமா இல்லையா? இருந்துச்சு. ஆனா எனக்கு முதல்ல தோணினது வேற. இப்படி நடக்கும்னு அழகம்மைக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்? ஒண்ணை ரெண்டுன்னும் ரெண்டை ஒண்ணுன்னும் போடலாம்னு, அதே வார்த்தை சொன்னா சார். நடக்கப் போறதை ஒருத்தி அச்சு அசலாச் சொல்றான்னா, அவ கை உள்ள இருக்குன்னுதானே அர்த்தம். விசாரிச்சேன். அந்த ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்த ஆளு தேவகோட்டைக்காரன். அழகம்மை புருஷன் ஊரும் தேவகோட்டை. இதுக்கு மேல என்ன வேணும்?

இன்னொண்ணு. மத்தவங்க எல்லாம் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப, அவ ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அந்தப் பிரசவம் ஆன பொண்ணுகிட்டயே பேசினா. பயப்படாதம்மா, தப்பு எங்களோடது, சாயந்தரத்துக்குள்ள நீ வீட்டுக்குப் போயிரலாம்னு. இவளுக்கு என்ன அக்கறை? நம்பர் எப்படிக் கெடைச்சுச்சு? கடுதாசியிலயே நம்பர் இருக்கும்தான். இருந்தாலும்.

மீட்டிங் வச்சாங்க. நான் எல்லாத்தையும் வரிசையா வச்சேன். மெயில், தேதி, தேவகோட்டை, எல்லாம். எங்க குடும்பத்துக்கும் மெ.சித. குடும்பத்துக்கும் உள்ள வழக்கையும் சொன்னேன். ஜெபராஜ் கன்னத்துல கை வச்சுக்கிட்டுக் கேட்டாரு. சுவரா, என்ன சுவருன்னு ரெண்டு தடவை கேட்டாரு. அழகம்மை என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் அவளை அனுப்பச் சொல்லல சார், அதைத் தெளிவாச் சொல்லிர்றேன். சந்தேகம்னு மட்டும்தான் சொன்னேன். அந்த மாசக் கடைசியில கான்ட்ராக்ட் முடிஞ்சுது, அவங்க நீட்டிக்கல. அது நிர்வாகம் எடுத்த முடிவு.

போறதுக்கு முன்னால லைப்ரரியைத் திருத்திக் குடுத்துட்டுப் போனா. கடுதாசியைப் பிரிச்ச உடனே தலைப்புல எந்த இனிஷியல் எந்த முகவரிக்குன்னு எழுதி வச்சுக்கும். அப்பறம் பேரை எடுக்கும்போது இனிஷியலைப் பாக்காது, அது எந்த முகவரியைச் சேர்ந்ததுன்னு பாக்கும். ஒண்ணு ரெண்டு என்ன, என்ன கர்மத்தைப் போட்டு அனுப்பினாலும் சரியா எடுக்குது. நான் ஒரு வாரம் உக்காந்து பாத்தேன், உள்ள ஏதாவது வச்சிட்டுப் போயிருப்பாளோன்னு. வரி வரியாப் பாத்தேன். ஒண்ணும் அகப்படல. கடைசியில என் பேருல உள்ள சேத்துட்டேன். லைப்ரரி என்னுதுதானே.

அத்தோட விட்டிருக்கலாம். விட முடியல. எங்க பெரியப்பா மகன் வீரப்ப அண்ணனுக்குப் போன் போட்டேன். அவரு ஊர்லதான் இருக்காரு, கேஸ் எல்லாம் அவருதான் பாக்குறாரு. மெ.சித. வீட்டுக்காரங்க ஆபீஸ் வரைக்கும் ஆளு அனுப்பிட்டாங்கண்ணேன்னு சொன்னேன். பேரைக் கேட்டாரு. சொன்னேன்.

அதுக்கு அவரு சொன்னாரு, “ஏண்டா, எழுத்து ஒண்ணா இருந்தா ஒரே வீடாடா? எந்தக் கோயில், எந்த ஊருன்னு கேக்க மாட்டியா? அடுத்த வீட்டு மெ.சித. மாத்தூர்க் கோயில். நீ சொல்ற பொண்ணு கட்டிக்கிட்ட மெ.சித. தேவகோட்டை, இரணியூர்க் கோயில். இவங்களுக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அந்தப் பிள்ளை யாரு தெரியுமா? நம்ம சின்னய்யா மக.”

சின்னய்யான்னா எங்க அப்பாவோட தம்பி, அண்ணாமலை. தாத்தாவோட சண்டை போட்டுக்கிட்டு ஈப்போ போனவரு, திரும்பவே இல்ல. அங்கயே கல்யாணம், அங்கயே சாவு. பொண்ணு ஒண்ணு இருக்குன்னு தெரியும். அதோட கல்யாணத்துக்கு எங்க வீட்டுல இருந்து ஒருத்தரும் போகல. அவ கல்யாணத்துக்கு முன்னால அரு.வீர. தானாம். எனக்கு எப்படி சார் தெரியும்? எழுத்து மாறிப் போச்சே.

நீங்க என்ன அப்படிப் பாக்குறீங்க? நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன், போனைக் கையில வச்சுக்கிட்டு. ஆனா கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிருச்சு. யோசிங்க. பள்ளத்தூர் வீட்டுல சின்னய்யாவுக்கு ஒரு பங்கு உண்டு. சின்னய்யா பங்கு இப்ப யாருக்கு? சட்டம் பொண்ணுக்கும் பங்கு குடுக்குது. கண்ணாடி இருக்கான்னு ஏன் கேட்டா? வீட்டை யாரு பாத்துக்குறாங்கன்னு ஏன் கேட்டா? அடுத்த வீட்டுக்காரியா இருந்திருந்தாக் கூட ஒரு சுவரோட போயிருக்கும். சொந்தம்னா வீட்டுலயே பங்கு.

வக்கீல்கிட்டப் போனேன். ஏன் போனேன்னா, அதைச் சொல்ல மறந்துட்டேனே. ஆபீசுல கடைசி நாள் அன்னைக்கு, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, என் மேஜைக்கு வந்தா. கையில ஒரு தட்டு. வெத்தலை பாக்கு, பழம், ஒரு பத்திரிகை. மக மீனாவுக்குக் காது குத்து, குன்றக்குடியில. உக்காருன்னு கூட நான் சொல்லல, அவளா நின்னுக்கிட்டே சொன்னா. “அண்ணே, எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. எம்பிள்ளைக்கு உக்கார ஒரு மாமன் மடி வேணும். நீங்க வந்து உக்காருங்கண்ணே.”

நான் அப்ப வீரப்ப அண்ணன்கிட்டப் பேசல. எனக்கு அவ யாருன்னே தெரியாது. எதிரி வீட்டுக்காரி எதுக்கு நம்ம மடியைக் கேக்குறான்னு மண்டை காய்ஞ்சு போச்சு. பாக்கலாம்னு சொல்லித் தட்டை வாங்கி வச்சேன். சம்பிரதாயத்துக்குக் கூட ஒரு வார்த்தை சொல்லல.

அதான், விஷயம் தெரிஞ்சதும் வக்கீல்கிட்டப் போனேன். நான் மாமனா உக்காந்து, பத்துப் பேரு முன்னால பிள்ளையை மடியில வச்சுக்கிட்டா, நாளைக்கு அதைக் காட்டி கோர்ட்டுல பங்கு கேக்க முடியுமான்னு கேட்டேன். அந்த ஆளு விழுந்து விழுந்து சிரிச்சாரு. மடி எல்லாம் சாட்சி ஆகாதுங்க, அவங்களுக்குப் பங்கு வேணும்னா உங்க மடி இல்லாமலே வாங்கிக்கலாம், சின்னய்யா காலமான அன்னைக்கே கேட்டிருக்கலாம்னாரு. ஏன் கேக்கலைன்னு அவரே திருப்பி என்னைக் கேட்டாரு. அவரு எந்தப் பக்கம்னு எனக்கு அன்னையில இருந்து ஒரு சந்தேகம்.

சரின்னு போன வாரம் நானே அழகம்மைக்குப் போன் பண்ணினேன். நல்லா யோசிச்சு வச்சுக்கிட்டுத்தான் பண்ணினேன். மொதல்ல, நீ யாருன்னு ஏன் சொல்லலைன்னு கேட்டேன். சொல்ல வந்தப்ப எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டீங்களேன்னா. அது வாஸ்தவம்தான். அந்த மீட்டிங்குல வச்சாவது சொல்லியிருக்கலாமே, வேலை போகாம இருந்திருக்குமேன்னேன். அத்தனை பேரு முன்னால சொன்னா உங்களுக்குத்தானேண்ணே அசிங்கம்னா. வேற வேலை கெடைச்சுதான்னு கேட்டேன். தேடிக்கிட்டு இருக்கேன்னா. குரல்ல ஒரு மாத்தமும் இல்ல. அங்கதான் நான் உஷாரானேன். கேக்க வேண்டியதைக் கேட்டேன். மடிக்கு வேற யாரையெல்லாம் கேட்டு வச்சிருக்கன்னு.

அவ சொன்னா, “வேற யாரைண்ணே கேக்குறது. நீங்க வர முடியலேன்னா பரவால்ல, என் மடியிலயே வச்சுக்குறேன். ஆனா மாமா வருவாங்கன்னு மீனாகிட்டச் சொல்லிட்டேன். எந்த மாமா, எப்படி இருப்பாங்கன்னு தெனம் கேக்குது.”

அவ்வளவுதான் சார். போனை வச்சிட்டேன்.

திருமயம் வந்திருச்சா? கோட்டை தெரியுது பாருங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான். காரைக்குடியில எறங்கி இன்னைக்கு ராத்திரி ஊர்ல தங்கிட்டு, காலையில குன்றக்குடி. ஆமா, போறேன். போகாம எப்படி? என்ன செய்யுறாங்கன்னு நேர்ல பாத்தாத்தானே தெரியும். பாவாடை சட்டை எடுத்திருக்கேன், பட்டு. தோடும் எடுத்திருக்கேன். கடைக்காரன் பிள்ளைக்கு வயசு என்னன்னு கேட்டான், எனக்குத் தெரியல. அவளுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடல. குத்துமதிப்பா எடுத்தேன்.

நீங்க அவளையும் பாத்ததில்ல, என்னையும் இன்னைக்குத்தான் பாக்குறீங்க. பொதுவான ஆளு. அதனால கேக்குறேன். அவ போன்ல சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்ல, ஒரு வார்த்தை விடாமச் சொன்னேன். அதுல என்ன சூது இருக்கு? ஒரு வாரமா அதைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறேன். ஒவ்வொரு வார்த்தையும் எங்க இருந்து வருது, யாரு சொல்லிக் குடுத்தது, எதுக்காகச் சொன்னான்னு. ஊரு உலகத்துல எத்தனை பேரு பேச்சுல எத்தனை கண்டுபிடிச்சிருக்கேன். இதுல ஒண்ணும் அகப்படல சார். அதான் பயமா இருக்கு.

நாளைக்கு அந்தப் பிள்ளை வந்து என் மடியில உக்காரும். இவங்கதான் மாமாவான்னு திரும்பி என் மூஞ்சியைப் பாக்கும். எதிர்ல அழகம்மை நின்னுக்கிட்டு இருப்பா. நான் எங்க பாக்குறது, சொல்லுங்க.